சிறு கணினி உயர்தர இசைச் சேவையகமாகத் தகுமா? – விவாதம்

கம்பிவழி எழுதியது:

சிறு கணினியை வீட்டு இசைச் சேவையகமாக வைப்பது கைக்கடக்கமான ஏற்பாடுதானே தவிர, உயர்தர ஒலிக்கு உகந்ததல்ல என்ற கருத்தைப் பலர் ஆராயாமலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நான் அதை மறுக்கிறேன். இழப்பின்றிச் சுருக்கிய ஃபிளாக் கோப்புகள் உள்ள ஒரு ஹார்ட் டிஸ்க், ராஸ்பெர்ரி பை 4 போன்ற ஒரு பலகை (ஒற்றைப் பலகையிலேயே அடங்கிய சிறு கணினி), எண்களை ஒலி மின்னலையாக மாற்றித் தரும் நல்லதொரு டாக் ஆகிய மூன்றும் இருந்தால், சேவையகத்துக்கென்று அதற்கு மேல் கொட்டும் பணம் காதுக்கு வந்து சேராது.

கணக்கைப் பாருங்கள். குறுந்தகட்டில் உள்ள ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலியைச் சுருக்காமலே அனுப்பினாலும் நொடிக்கு 9.2 மெகாபிட் அளவுதான் ஆகும். யுஎஸ்பி 2.0 இணைப்பின் வேகமோ 480 மெகாபிட். ஃபிளாக்கை விரிக்கச் செயலிக்கு ஆகும் வேலையும் மிகச் சொற்பம். விரித்துக் கிடைப்பவை மூலத்தின் அதே பிட்டுகள்தானா என்று ஐயப்படவும் தேவையில்லை. மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 கையொப்பம் என்ற சரிபார்ப்பு எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே பதிந்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒரு சேவையகம் இசைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

செவியன் எழுதியது:

நண்பர் கம்பிவழிக்கு: பிட்டுகள் பிழையின்றி வந்து சேர்கின்றன என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் யுஎஸ்பி கம்பியில் பிட்டுகள் மட்டும் வருவதில்லை. 5 வோல்ட் மின்சாரமும், கணினியின் தரை (கிரவுண்ட்) இணைப்பும் கூடவே வருகின்றன. நொடிக்கு நூறு வேலைகளுக்கு நடுவே தாவும் செயலி, அதற்கு மின்சாரம் வெட்டி வெட்டித் தரும் சீராக்கிகள், வைஃபை அலைபரப்பி எல்லாம் ஒரே சிறிய பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அந்த இரைச்சல் டாக்கின் அனலாக் பகுதிக்குள் புகாது என்று உங்கள் கணக்கு எங்கே சொல்கிறது?

இசைக்கென்றே வடிவமைத்த இயக்கியில் (பாடலை ஓட்டும் தனிக் கருவியில்) மின்வழங்கியைத் தனியே பிரித்து, ஒலிமாதிரிகள் வெளியேறும் நேரத்தை ஆளும் கடிகாரத்தைச் சுத்தமான மின்சாரத்தில் வைத்து, தேவையற்றதை அணைத்துவிடுகிறார்கள். என் அறையில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறேன். இயக்கியில் சுரங்களுக்கு இடையிலான அமைதி ஆழமாக இருக்கிறது; ஒரு குரல் தேய்ந்து முடியும் இடம்வரை காது அதைத் தொடர முடிகிறது. வெறும் எண்களைக் காட்டி இந்த அனுபவத்தைத் தள்ளிவிட முடியாது.

கம்பிவழி எழுதியது:

தள்ளவில்லை, எப்படிக் கேட்டீர்கள் என்றுதான் கேட்கிறேன். எந்தக் கருவி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு கேட்டீர்களா? இரண்டின் ஒலி அளவும் 0.1 டெசிபெலுக்குள் பொருந்தியிருந்தனவா? சற்றே உரத்து ஒலிப்பதைத் தெளிவானது என்று மனம் எடுத்துக்கொள்வது பழகிய காதுகளுக்கும் நேர்வதுதான்.

கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதற்கும் விடை உண்டு. இன்றைய யுஎஸ்பி டாக்குகளில் பெரும்பாலானவை ஒத்திசையா முறையில் இயங்குகின்றன. டாக்கின் சொந்தப் படிகம்தான் (கடிகாரத் துடிப்பைத் தரும் சிறு உறுப்பு) நேரத்தை ஆளுகிறது. அடுத்த தரவு எவ்வளவு வேண்டும் என்று அதுவே கணினிக்குச் சொல்கிறது. வந்த தரவு இடைத்தேக்கத்தில் (பஃபர்) தங்கி, டாக்கின் துடிப்புக்கு ஏற்பவே வெளியேறுகிறது. கணினியின் நேரத் தடுமாற்றம் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை.

காது எதையெல்லாம் பிரித்தறியும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. மேயர், மோரன் இருவரும் 2007இல் ஒலிப் பொறியியல் கழக இதழில் வெளியிட்ட சோதனையில், உயர்தெளிவு ஒலியையும் அதையே குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறைகளில் 276 முறைதான் சரியாகக் கண்டறிந்தார்கள். நாணயத்தைச் சுண்டினாலும் அவ்வளவு கிடைக்கும்.

செவியன் எழுதியது:

அந்த ஆய்வில் பயன்படுத்திய தட்டுகளில் பல, உண்மையில் உயர்தெளிவு மூலத்திலிருந்து வந்தவைதாமா என்ற கேள்வி பின்னர் எழுந்ததையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். ஜோஷுவா ரைஸ் 2016இல் அதே இதழில் 18 ஆய்வுகளை, 12,500க்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். மொத்தத்தில் சரியாகக் கண்டறிந்தது 52 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பயிற்சி பெற்றவர்களிடம் ஏறத்தாழ 60 விழுக்காடு. வேறுபாடு சிறியது, ஆனால் இல்லாததல்ல. பயிற்சி பெற்ற காதுக்குக் கேட்பதை நாணயத்தோடு ஒப்பிடுவது முறையல்ல.

மின்தடம் எழுதியது:

இருவரும் நல்ல ஆய்வுகளைத்தான் எடுத்துவைத்தீர்கள். ஆனால் இரண்டும் மாதிரி வீதத்தையும் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம்) பிட் ஆழத்தையும் (ஒவ்வோர் அளவையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம்) பற்றியவை. சேவையகம் எதுவாக இருந்தால் என்ன என்ற கேள்வியை இரண்டுமே தொடவில்லை. ஆகவே அவற்றை இங்கே வைத்துவிட்டு, மின்சுற்று நிலையில் பேசுவோம். சிறு கணினி என்று பொதுவாகச் சொல்வதால்தான் இந்த வாதம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று நினைக்கிறேன். ஒரே பலகையிலிருந்து ஒலியை வெளியே எடுக்கப் பல வழிகள் உள்ளன. அவற்றின் தரம் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது.

முதலாவது, பழைய ராஸ்பெர்ரி பை பலகைகளில் உள்ள 3.5 மில்லிமீட்டர் செவிப்பொறித் துளை. அங்கே முறையான டாக் கிடையாது. துடிப்பின் அகலத்தை மாற்றி, வடிகட்டி, ஒலியாக்குகிறார்கள். உயர்தரம் என்ற பேச்சுக்கே அது இடமல்ல. அதை ஒருமுறை கேட்டுவிட்டுச் சிறு கணினியே ஆகாது என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

பலகையின் மேல் பொருத்தும் டாக் அட்டைகளில்தான் உண்மையான நுணுக்கம் இருக்கிறது. பலகையிலிருந்து அட்டைக்கு ஒலித் தரவைக் கொண்டுசெல்லும் ஐ2எஸ் இணைப்பில் யார் கடிகாரம் தருகிறார்கள் என்று பாருங்கள். பலகையே தருவதானால், பை 4க்கு முந்தைய மாதிரிகளில் 19.2 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து கிளைக்கும் கடிகாரத்தைப் பிரித்துத்தான் 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு வர வேண்டும். அது முழு எண்ணால் வகுபடாது. எனவே சில துடிப்புகளைச் சற்று நீட்டியும் சிலவற்றைச் சற்றுக் குறுக்கியும் சராசரியை மட்டும் சரியாக வைக்கிறார்கள். பிட்டுகள் முழுதாக வந்தும் நேரம் ஆடுகிறது. மாறாக, 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்ற இரு படிகங்களைத் தன்மேலேயே வைத்திருக்கும் அட்டையில், முதலாவது 44.1இன் 512 மடங்கு, இரண்டாவது 48இன் 512 மடங்கு. அங்கே அட்டைதான் கடிகாரம் தருகிறது, பலகை அதற்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. பார்வைக்கு இரட்டையர்போல் இருக்கும் இரு அட்டைகளுக்கு நடுவே இவ்வளவு வேறுபாடு இருக்கலாம். வாங்குவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி அந்தப் படிகங்களைத் தேடிப் பாருங்கள்.

யுஎஸ்பியைப் பொறுத்தவரை கம்பிவழி சொன்ன 480 மெகாபிட் சரிதான். ஆனால் பை 3 வரையிலான பலகைகளில் யுஎஸ்பி துளைகளும் ஈதர்நெட்டும் அந்த ஒரே தடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. 2019இல் வந்த பை 4இல்தான் ஈதர்நெட்டுக்குத் தனி வழி கிடைத்தது. பழைய பலகையில் இடையிடையே 'டிக்' என்ற சத்தம் வந்தால் டாக்கைக் குறைசொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பிட்டுக்குப் பிட் அப்படியே போகிறது என்று கம்பிவழி எடுத்துக்கொண்டதைச் சோதிக்க வேண்டும். லினக்ஸில் பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போது, ப்ராக் கோப்புறையில் அஸவுண்ட் பகுதிக்குள் (/proc/asound) அந்த ஒலி அட்டைக்குரிய எச்டபிள்யூ பராம்ஸ் (hw_params) கோப்பைத் திறந்து பாருங்கள். குறுந்தகட்டுத் தரப் பாடலுக்கு ரேட் (rate) என்ற வரியில் 44100 என்று இருக்க வேண்டும். 48000 என்று இருந்தால், வழியில் ஏதோ ஒரு கலப்பி (பல ஒலிகளைக் கலக்கும் மென்பொருள்) உங்கள் இசையின் மாதிரி வீதத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஃபார்மட் (format) வரியில் 16க்குப் பதில் 32 பிட் என்று இருந்தால் கவலை வேண்டாம். பின்னால் சுழியங்களைச் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதுக்கேள்வன் எழுதியது:

பெரியவர்கள் பேசுமிடத்தில் என் சிக்கலை வைக்கலாமா? பை 4இல் யுஎஸ்பி மூலம் மின்சாரம் பெறும் டாக்கை இணைத்து, அதை ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்திருக்கிறேன். இசைத்தொகுப்புகளின் முகப்புப் படங்களைப் பார்ப்பதற்காக எச்டிஎம்ஐ கம்பி டிவிக்குச் செல்கிறது. பாட்டு நின்றிருக்கும்போது தாழ்ந்த 'ம்ம்' என்ற இரைச்சலும், ஹார்ட் டிஸ்க் படிக்கத் தொடங்கினால் கீச்சென்ற மெல்லிய ஒலியும் ஸ்பீக்கரில் கேட்கின்றன. அப்படியானால் செவியன் ஐயா சொல்வதுதான் சரியா?

மின்தடம் எழுதியது:

இரண்டும் வெவ்வேறு நோய்கள். தாழ்ந்த இரைச்சல் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும். எச்டிஎம்ஐ வழியாக டிவியின் தரையும், டாக் வழியாக ஆம்ப்ளிஃபையரின் தரையும் உங்கள் பலகையில் சந்தித்து ஒரு வளையமாகின்றன. எச்டிஎம்ஐ கம்பியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். கீச்சொலி வேறு: டிஸ்க்கும் டாக்கும் ஒரே 5 வோல்ட்டைப் பங்கிடுவதால் வருவது. டிஸ்க்குக்குத் தனி மின்சாரம் தரும் யுஎஸ்பி ஹப் வையுங்கள். எந்த நிலையிலும் ஆம்ப்ளிஃபையரின் எர்த் கம்பியைத் துண்டித்து இரைச்சலைப் போக்க முயலாதீர்கள். அது உயிர் காக்கும் இணைப்பு. இதை யார் பரிந்துரைத்தாலும் கேட்காதீர்கள்.

புதுக்கேள்வன் எழுதியது:

எச்டிஎம்ஐயைக் கழற்றியதும் இரைச்சல் அடியோடு நின்றுவிட்டது. படங்களைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறேன். ஹப் இன்னும் வாங்கவில்லை, கீச்சொலி இருக்கிறது.

செவியன் எழுதியது:

நான் முதலில் எழுதியது இதைத்தான். தரையும் மின்சாரமும் கம்பியோடு வருகின்றன என்றேன்; இப்போது ஒருவருடைய ஸ்பீக்கரிலேயே அது கேட்கிறது. இதையெல்லாம் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பொறுப்பு இசை கேட்க உட்காருபவர் தலையில் ஏன் விழ வேண்டும்? நல்ல இயக்கியைச் செய்பவர் அந்த வேலையை முன்னரே முடித்துத்தான் பெட்டியை மூடுகிறார். அதோடு, மின்சாரம் திடீரென்று போனால் மெமரி கார்டில் உள்ள கோப்பமைப்பு கெட்டு, மறுபடி எல்லாவற்றையும் நிறுவ வேண்டியிருக்கும். வீட்டில் கணினி தெரியாதவர்கள் அப்போது என்ன செய்வார்கள்?

கம்பிவழி எழுதியது:

இரைச்சல் இருக்கும் இடத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் அதைத் தீர்க்கக் கணினியைக் கைவிட வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். டிஸ்க்குகளைத் தாங்கும் சேவையகத்தை வேறோர் அறையில் வைத்து, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் டிஸ்க்கே இல்லாத சின்னப் பலகையை மட்டும் வையுங்கள். இரண்டையும் இணைக்கும் ஈதர்நெட்டில் இரு முனையிலும் சிறு மின்மாற்றிகள் உள்ளன. உலோக உறையில்லாத சாதாரணக் கம்பியைப் பயன்படுத்தினால் தரை இணைப்பு அந்த வழியில் கடப்பதில்லை. அதற்கும் மேல் வேண்டுமானால் பலகைக்கும் டாக்குக்கும் நடுவே ஒளியிழை இணைப்பு இருக்கிறது. அது வழக்கமாக 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பிக்கையாக வேலை செய்யும்.

மெமரி கார்டு பற்றிய அச்சத்துக்கும் வழி உண்டு. பைகோர்பிளேயர் போன்ற அமைப்புகள் தொடங்கும்போதே முழுவதும் நினைவகத்தில் ஏறிவிடுகின்றன. இசை ஓடும்போது கார்டில் எதுவும் எழுதப்படாததால், மின்சாரம் போனாலும் கெடுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நீங்கள் போற்றும் இயக்கிகளில் பலவற்றின் உள்ளேயும் ஆர்ம் செயலியும் லினக்ஸும்தான் ஓடுகின்றன, ஐயா. வேறுபாடு, பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே. லாஜிடெக் நிறுவனம் 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற இசை இயக்கிகளின் வரிசையை நிறுத்தியது. அவற்றுக்கான சேவையக மென்பொருள் திறமூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதைத் தொடர்ந்து வளர்த்து, இப்போது லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் பழைய கருவிகளும் பாடுகின்றன, புதிய ராஸ்பெர்ரி பையும் பாடுகிறது. மூடிய இயக்கி ஒன்றின் மென்பொருளை அதைச் செய்தவர் புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல மின்வழங்கி இருந்தும் அது வெறும் பெட்டிதான். பல பத்தாண்டு சேர்த்த இசையை அப்படிப்பட்ட ஒன்றிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

செவியன் எழுதியது:

ஸ்குவீஸ்பாக்ஸ் எடுத்துக்காட்டு வலுவானது. ஆயுளைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒலியைப் பொறுத்தவரை நான் இன்னும் அசையவில்லை. டிஸ்க்கைத் தள்ளி, கம்பியை மாற்றி, ஒளியிழை போட்ட பிறகு உங்கள் பலகையும் இசைக்கென்றே வடிவமைத்த இயக்கியாகத்தான் ஆகிவிடுகிறது. வடிவமைத்தவர் நீங்கள், அவ்வளவே. சோதித்துப் பார்ப்போம் என்றால் வருகிறேன். ஒரே டாக், பொருத்திய ஒலி அளவு, எது ஓடுகிறது என்று அறையில் யாருக்கும் தெரியக் கூடாது. ஆனால் பகுதிகளை நான் தேர்ந்தெடுப்பேன், ஒவ்வொன்றையும் வேண்டிய நேரம் கேட்பேன். அரை நிமிடத் துண்டுகளில் அமைதியின் ஆழம் தெரியாது.

மின்தடம் எழுதியது:

நிபந்தனைகள் நியாயமானவை. கேட்பதோடு அளப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாக்கின் அனலாக் வெளியீட்டை நல்ல பதிவுக் கருவியில் இரு சேவையகங்களுக்கும் பதிந்து, மாதிரிக்கு மாதிரி பொருத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். அதற்கு முன் ஒரே சேவையகத்தை இருமுறை பதிந்து கழித்துப் பாருங்கள். கருவிகளின் படிகங்கள் சிறிது விலகுவதால் அங்கேயும் மிச்சம் வரும். அந்த மிச்சத்தைவிட இரு சேவையகங்களின் மிச்சம் பெரிதாக இருந்தால்தான் பேசுவதற்கு ஏதாவது இருக்கிறது. பதியும்போது செவியன் தேர்ந்தெடுத்த அதே பகுதிகளைப் பதியுங்கள். பாடல் முடிந்த பிறகு வரும் சில நொடி மௌனத்தையும் வெட்டிவிடாமல் வையுங்கள். புதுக்கேள்வனின் கீச்சொலி போன்றவை அங்கேதான் முதலில் அகப்படும்.

கம்பிவழி எழுதியது:

சம்மதம். பதிவு என் பொறுப்பு. செவியன் ஐயா, பகுதிகளின் பட்டியலை அனுப்புங்கள். எல்லாவற்றையும் இழப்பற்ற கோப்புகளாக, எம்டி5 சரிபார்த்த பிறகே இரு சேவையகங்களிலும் ஏற்றுகிறேன்.