ஷோரூம் டிஸ்ப்ளே கிச்சனைப் பாதிக்கும் குறைவான விலையில் வாங்கலாமா?

மூன்றாம்மாடி:
வேளச்சேரியில் 15 வருஷப் பழைய ஃபிளாட். சமையலறை 10 × 8 அடி. எல் வடிவ மேடை, நீளப் பக்கம் 10 அடி, குட்டைப் பக்கம் 6 அடி. கடப்பா கல் நிறுத்திக் கட்டிய பழைய மேடையை இடிக்கப் போகிறோம். ஒரு ஷோரூமில் டிஸ்ப்ளே மாற்றுகிறார்கள். 3,20,000 விலை போட்டிருந்த எல் வடிவ செட்டை 1,40,000க்குத் தருகிறார்களாம். கீழ்ப்பெட்டிகள் (நீளப் பக்கம் மூலையோடு சேர்த்து 2700 மி.மீ.), மேல்பெட்டிகள் 4, டால் யூனிட் (ஆளுயர அலமாரி) 1, குவார்ட்ஸ் கல் மேடை. கழற்றி எடுத்துப்போவது நம் பொறுப்பு. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

உளி:
முதலில் பலகை என்ன என்று பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சிங்க் பெட்டியில் ஒரு ஹிஞ்ச் (கீல்) பிளேட்டைக் கழற்றச் சொல்லி, ஸ்க்ரூ துளைக்குள் டார்ச் அடியுங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ரவை மாதிரி துகள் உதிர்ந்தால் பார்ட்டிகிள் போர்டு. மாவு மாதிரி நைசாக இருந்தால் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), இல்லை எச்டிஎச்எம்ஆர் (அதிலேயே அடர்த்தி கூடிய, ஈரம் தாங்கும் வகை). சேல்ஸ் ஆள் எல்லாவற்றையும் "வாட்டர் ப்ரூஃப்" என்றுதான் சொல்வார். சிங்க் அடிக்கு ஐஎஸ் 710 (மரைன் தரம்) பிளைவுட் மட்டும்தான் நம்பிக்கை. பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் அந்த ஒரு பெட்டியை மட்டும் புதிதாகச் செய்துகொள்ளுங்கள், ஷட்டர் (பெட்டிக் கதவு) பழையதே போதும்.

அடுத்தது கழற்றுவது. பெட்டிகளைப் பெட்டியாகவே தூக்குங்கள், பலகை பலகையாகப் பிரிக்க விடாதீர்கள். பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ ஒரு தடவைதான் இறுகப் பிடிக்கும். அதே துளையில் மறுபடி முடுக்கினால் வெறுமனே சுற்றும், ரெண்டு மாதத்தில் ஷட்டர் தொங்கும். அப்படி ஆகிவிட்டால் துளையை 8 மி.மீ. ஆக்கி, மர டவலில் (உருண்டை மரக்குச்சி) பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதில் புதுத் துளை போட வேண்டும். பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்க்ரூ, சுவர் பிராக்கெட், கால், ஸ்கர்ட்டிங் (காலை மறைக்கும் அடிப்பட்டை) கிளிப், இவ்வளவும் கழன்றால் போதும். ஷட்டரைக் கழற்றும்போது ஹிஞ்சின் கிளிப்பை அழுத்தி எடுங்கள், ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டாம்.

ரசமட்டம்:
பலகை சரியாக இருந்தாலும் அளவு உட்கார வேண்டுமே. 10 அடி என்பது 3048 மி.மீ., ஆனால் பழைய சுவர் எங்கும் நேராக இருக்காது. டைல்ஸ் ஒட்டிய பிறகு அடியில், மேடை மட்டத்தில், மேல்பெட்டி மட்டத்தில் என்று மூன்று இடத்தில் டேப் வையுங்கள். குறைந்த அளவுதான் உங்கள் அளவு. 3020 வந்தால் 2700 போக 320 மிச்சம். அதில் ஒரு 300 பெட்டி, மீதி 20க்கு இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டை. அந்த 300 பெட்டியை அதே லேமினேட் (மேல்தாள்) நிற எண்ணில் செய்து தருவார்களா என்று இப்போதே எழுதி வாங்குங்கள். அந்த எண் தயாரிப்பில் நின்றுபோயிருந்தால் ஒரே ஒரு ஷட்டர் மட்டும் வேறு நிறத்தில் பல்லைக் காட்டும்.

டால் யூனிட்டில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நம் வீடுகளில் பரண் 7 அடியில், அதாவது ஏறத்தாழ 2130 மி.மீ. பெட்டி 2100, அதற்குக் கீழே கால் 100 என்றால் மொத்தம் 2200, பரணுக்கு அடியில் நுழையவே நுழையாது. காலை எடுத்துவிட்டாலும் 560 ஆழமுள்ள பெட்டியைப் படுக்க வைத்து நிமிர்த்தும்போது மூலைக்கு மூலை 2170க்கு மேல் வரும். பரணுக்கு வெளியே நிமிர்த்தி, பிறகு உள்ளே தள்ள வேண்டும். அதற்குத் தரையில் இடம் இருக்கிறதா பாருங்கள். லிஃப்டையும் அளந்து பாருங்கள்.

குவார்ட்ஸைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். சிலிக்கான் போட்டு ஒட்டியதைப் பெயர்க்கும்போது சிங்க் வெட்டின் மூலையில் விரிசல் விடும். தப்பி வந்தாலும் உங்கள் 10 அடிக்கு நீளம் பற்றாது. புது கிரானைட் என்றால், மேடை அகலம் 2 அடி, மூலை இரண்டு தடவை வராமல் 2 அடி கழித்து, (10 + 6 − 2) × 2 = 28 சதுர அடி, சேதாரம் தனி.

மூன்றாம்மாடி:
நன்றி. ஷோரூமில் மூலை இடது பக்கம், எங்கள் வீட்டில் வலது. ஷட்டரைத் திருப்பி மாட்டினால் போதுமா சார்?

உளி:
நேர்ப்பெட்டிகளுக்கு அது தேவையே இல்லை, வரிசையை மாற்றி அடுக்கினால் போதும். சிக்கல் மூலைப் பெட்டியில்தான். உள்ளே சுழன்று வெளியே வரும் தட்டு இருந்தால் அது இடது, வலது என்று தனித்தனியாக வரும், மாறாது. வெறும் அலமாரி என்றால் மூடுபலகையையும் ஷட்டரையும் இடம் மாற்றி, பிளேட்டுக்குப் புதுத் துளை போட்டுக்கொள்ளலாம்.

ஷட்டரைத் தலைகீழாக்கினால் ஹிஞ்ச் குழி சரியாக வரும், ஆனால் மேலே இருந்த கைப்பிடித் துளை கீழே போய்விடும். மேல்பெட்டியும் கீழ்ப்பெட்டி மாதிரியே 720 மி.மீ. உயரம், அகலமும் ஒன்று என்றால் அங்கே மாட்டலாம், அங்கே கைப்பிடி கீழேதானே வேண்டும். ஷட்டர் விளிம்பையே குடைந்து கைப்பிடி ஆக்கியிருந்தால் இந்த வித்தை பலிக்காது.

கடப்பாக்கல்:
ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. டிஸ்ப்ளேயில் குழாய்க்கும் சிலிண்டருக்கும் வழி விட்டிருக்க மாட்டார்கள். பின்பலகையில் துளை போட்ட பிறகு வெட்டிய விளிம்பு முழுக்க சிலிக்கான் பூசுங்கள், பலகை உப்புவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பலகையை எடுத்துவிட்டு சிலிண்டரைத் தரையில் நிறுத்துங்கள். ஷட்டரின் அடியில் காற்றுத் துளையும் வேண்டும், எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.

விலை பேசும்போது மூலைத் தட்டு, குவார்ட்ஸ், சிங்க் பெட்டி மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு மீதிக்கு மட்டும் பேசுங்கள். 1,40,000 ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேளுங்கள். ஹிஞ்ச், டேன்டம் டிராயர் என்ன பிராண்ட், எத்தனை என்று பில்லில் வரட்டும். எல்லா டிராயரையும் முழுக்க இழுத்து, விட்டுப் பாருங்கள். வருகிறவர்கள் எல்லாம் திறந்து மூடிய சாமான் அது, சாஃப்ட் க்ளோஸ் (தானாக மெல்ல மூடுவது) பாதியில் நின்றால் அந்த சேனலுக்குப் (டிராயர் ஓடும் தண்டு) புதுசு கேளுங்கள்.



மூன்றாம்மாடி:
சனிக்கிழமை டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு போகிறேன். துளையில் தெரிவதைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.