கைலியின் உள்பக்கத்தால் மூன்று தட்டு: தூங்குமுன் ஓதுவது பற்றி ஓர் அனுபவப் பகிர்வு

நெல்பேட்டை, மக்தப் உஸ்தாத்:

அஸ்ஸலாமு அலைக்கும். தூங்குமுன் ஓதுவதில் பலர் சறுக்குவது ஓதலில் இல்லை, வரிசையில்தான். எல்லாம் மனப்பாடமாக இருக்கும். எது உட்கார்ந்து, எது படுத்து, எது கடைசி என்பதுதான் கலங்கிக் கிடக்கும்.

முதலில் தொழுகைக்குச் செய்வது போலவே முழு ஒளு (கை, முகம், கால் கழுவிச் சுத்தமாவது). பிறகு படுக்கையைத் தட்டுவது. நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவித்த ஹதீஸில் (நபிமொழியில்) "இஸாரின் உள்பக்கத்தால்" என்று வருகிறது. இன்னொன்றில் ஆடையின் ஓரத்தால் மூன்று முறை என்று வருகிறது. இஸார் என்றால் நமக்குக் கைலிதான். விளிம்பைப் பிடித்து உள்பக்கத்தால் மூன்று தட்டு. காரணத்தையும் ஹதீஸே சொல்லிவிடுகிறது: நாம் எழுந்து போன பிறகு அங்கே என்ன வந்து கிடக்கிறது என்று நமக்குத் தெரியாது. வயலையொட்டிய வீடுகளில் பூரானும் தேளும் தலையணைக்கு அடியில்தான் ஒதுங்கும். தலையணையைத் தூக்காமல் விரிப்பை மட்டும் தட்டுவது பேருக்குத் தட்டுவது. நடுராத்திரி பாத்ரூம் போய்த் திரும்பினாலும் தட்ட வேண்டும். திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள அறிவிப்பு எழுந்து போய்த் திரும்புகிறவரைத்தான் சொல்கிறது.

அடுத்து, உட்கார்ந்தபடி குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனம் (பகரா 255) ஒரு முறை. பகரா சூராவின் (அத்தியாயத்தின்) கடைசி இரண்டு வசனங்கள், 285, 286. பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து இக்லாஸ், ஃபலக், நாஸ் மூன்றையும் ஓதிக் கையில் ஊதி, தலை, முகம், உடம்பின் முன்பக்கம் என்று கை எட்டுமட்டும் தடவுவது. தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். ஒவ்வொரு சூராவையும் மும்மூன்று தடவை ஓதி, கடைசியில் ஒரே தடவை தடவி முடித்துவிடுகிறார்கள். நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிப்பது அப்படி இல்லை. கை சேர்த்து, ஓதி, ஊதி, தடவினால் அது ஒரு சுற்று. அப்படி மூன்று சுற்று. ஊதுவது துப்புவதும் இல்லை, வெறும் காற்றும் இல்லை. நாக்கு நுனியின் ஈரம் லேசாகக் கலந்த காற்று.

தஸ்பீஹை (எண்ணிச் சொல்லும் இறைத்துதியை) முடித்துவிட்டு வலப்பக்கம் சாய்ந்து, வலக்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு "பிஸ்மிக்கல்லாஹும்ம அமூத்து வ அஹ்யா". எல்லாவற்றுக்கும் கடைசியாக பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) கற்றுக்கொடுத்தது:

"அல்லாஹும்ம அஸ்லம்து நஃப்ஸீ இலைக்க, வ ஃபவ்வள்து அம்ரீ இலைக்க, வ அல்ஜஃது ழஹ்ரீ இலைக்க, ரஃக்பதன் வ ரஹ்பதன் இலைக்க, லா மல்ஜஅ வ லா மன்ஜா மின்க்க இல்லா இலைக்க, ஆமன்து பி கிதாபிக்கல்லதீ அன்ஸல்த்த, வ பி நபிய்யிக்கல்லதீ அர்ஸல்த்த."

என்னை உன்னிடம் ஒப்படைத்தேன், என் காரியத்தை உன் பொறுப்பில் விட்டேன், என் முதுகை உன்மேல் சாய்த்தேன் என்று போகிறது அதன் பொருள். பராஃ (ரலி) திருப்பிச் சொல்லிக் காட்டும்போது கடைசியில் "ரஸூலிக்க" என்று மாற்றிவிட்டார்கள். பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனாலும் நபியவர்கள் விடவில்லை. "இல்லை, நபிய்யிக்க" என்று திருத்தினார்கள். இன்றைக்கும் பிள்ளைகள் தடுக்குவது அதே இடத்தில்தான். இதை உன் கடைசிப் பேச்சாக ஆக்கிக்கொள் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஓதிவிட்டுப் போனை எடுத்தால் வரிசை உடைந்தது. பேச நேர்ந்தால் இதை மட்டும் திரும்ப ஓதினால் போதும், முதலிலிருந்து வேண்டாம்.

மேலூர், இல்லத்தரசி:

உஸ்தாத், வலப்பக்கம் சரி. தலை எங்கிட்டு? வீட்டுக்கு வீடு தகராறே அதுலதான். மதுரைப் பக்கம் கிப்லா, அதான் தொழுகையில பார்க்கிற மக்கா திசை, நேர் மேற்கு இல்லை, மேற்குலேர்ந்து சுமார் 22 பாகை வடக்கே தள்ளி. வலப்பக்கம் சாய்ஞ்சு கிப்லாவைப் பார்க்கணும்னா தலையை வடக்கேதான் வைக்கணும். ஊர் பூராவும் "வடக்கே தலை வைக்காதே"ங்குது. மையவாடியில (அடக்கத்தலத்துல) கபரும் (புதைகுழியும்) அப்படித்தான், தலை வடக்கு, முகம் மேற்கு. "மையித்தை வச்ச மாதிரி படுக்கிறியே"ன்னு பெரியவங்க சத்தம் போடுறாங்க. சரின்னு ஊர்வழக்கப்படி கிழக்கே தலை வச்சா கால் மேற்கே போயிருது, அது கிப்லா பக்கம் கால் நீட்டுறது. தெற்கே தலை வச்சு வலப்பக்கம் சாய்ஞ்சா முகம் கிழக்கே திரும்பிரும்.

நெல்பேட்டை, மக்தப் உஸ்தாத்:

ஹதீஸில் உள்ளது வலப்பக்கம் மட்டும்தான் அம்மா. படுக்கும்போது கிப்லாவை முன்னோக்குவதை ஆலிம்கள் நல்லது என்கிறார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லை. வேண்டுமென்றே கிப்லா பக்கம் கால் நீட்டுவதை ஹனஃபி மத்ஹபு (சட்டப்பள்ளி) நூல்கள் வெறுக்கத்தக்கதாகச் சொல்கின்றன. கிழக்கை விட்டுவிட்டு வடக்கோ தெற்கோ அறைக்கு எது தோதோ அதை வைத்துக்கொள்ளலாம். வடக்கே தலை வைக்க மார்க்கத்தில் தடை இல்லை. அதற்காகப் பெரியவர்களோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், தெற்கே தலை வைத்து வலப்பக்கம் சாய்ந்தாலும் சுன்னத் (நபிவழி) கிடைத்துவிடும்.

மகபூப்பாளையம், வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ்:

வலப்பக்கம் என்பது படுக்கும் நேரத்துச் சுன்னத். ராத்திரி முழுக்கத் திரும்பவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்களுக்கு இடப்பக்கம்தான் இதமாக இருக்கும். அவர்கள் வலப்பக்கம் சாய்ந்து ஓதி முடித்துவிட்டு இடப்பக்கம் திரும்பிக்கொள்ளலாம். மாதம் ஏறிய கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. மல்லாந்து மட்டும் வேண்டாம்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அவர்களே ஓத முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் ஓதலாம். நபியவர்களின் கடைசி நோயில் ஆயிஷா (ரலி) சூராக்களை ஓதி, பரக்கத்துக்காக நபியின் கையாலேயே அவர்கள் மேனியில் தடவினார்கள். அதேபோல நோயாளியின் கையை நம் கையில் ஏந்தி, ஓதி ஊதி, அந்தக் கையாலேயே அவருக்குத் தடவிவிட வேண்டும். சொட்டு மருந்து ஊசி ஏறியிருக்கும் கையை இழுக்கக் கூடாது, மற்றக் கை போதும். முதுகுப் புண் இருந்தால் முன்பக்கம் மட்டும். ஹதீஸில் வருவதும் முன்பக்கம்தான்.

"அமுக்குவான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தான்" என்று பயப்படுகிறவர்களுக்கு: மூளை விழித்துக்கொண்டும் தசைகள் கனவுத் தூக்கத்தின் பூட்டிலேயே இருக்கிற சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிஷம். மல்லாந்து படுப்பவர்களுக்கும் தூக்கம் கெட்டவர்களுக்கும் அதிகம் வரும். அந்த நேரத்தில் வாய் எழாது, மனசுக்குள் ஓதிக்கொண்டே கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று திணறி எழுந்தால் அது வேறு. ஓதலோடு டாக்டரையும் பார்க்க வேண்டும்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:

தஸ்பீஹ் கணக்கு என் பங்கு. மாவு அரைத்து அரைத்துக் கை காய்த்துப்போய் வேலைக்கு ஆள் கேட்ட ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு, ஆளைவிட இது மேல் என்று நபியவர்கள் தந்தது: ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. ஸிஃப்பீன் போர் இரவில்கூட இதை விடவில்லை என்றார்கள் ஃபாத்திமாவின் கணவர் அலி (ரலி).

ஒரு விரலுக்கு மூன்று கணு, கட்டைவிரலுக்கு நுனியையும் சேர்த்து மூன்று. ஒரு கைக்குப் பதினைந்து. இரண்டு சுற்று முப்பது, மேலே ஒரு விரல், 33 ஆயிற்று. தக்பீருக்கு (அல்லாஹு அக்பருக்கு) அடுத்த விரலில் ஒரு கணு கூடுதல். படுத்துக்கொண்டு எண்ணினால் வலக்கை கன்னத்தின் அடியில் மாட்டிக்கொள்ளும், எண்ணிக்கை சிதறும். உட்கார்ந்தே முடித்துவிடுவது சுலபம். எண்ணும்போதே கண் சொக்கிவிட்டால் மறுநாள் ஈடுகட்ட வேண்டிய கடன் ஒன்றும் இல்லை.

முழுவதும் எவ்வளவு நேரம் என்று கேட்பவர்களுக்கு: நிதானமாக ஓதினால் எட்டிலிருந்து பத்து நிமிஷம். முல்க் சூரா சேர்த்தால் இன்னொரு ஏழெட்டு. அதற்கு 30 வசனம். ஸஜ்தா சூராவுக்கும் 30, ஆனால் அதில் 15ஆவது வசனத்தில் ஸஜ்தா (நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) உண்டு. படுத்துக்கொண்டு ஓதினால் எழுந்து ஸஜ்தா செய்யச் சோம்பல் வரும், அதை இஷாவுக்குப் (இரவுத் தொழுகைக்குப்) பின் முஸல்லாவிலேயே (தொழுகை விரிப்பிலேயே) ஓதி முடித்துவிடுங்கள்.

தெற்குவாசல், ஆலிமா:

ஒளு விஷயத்தில் மத்ஹபு பார்க்க வேண்டும். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகள் பெரும்பாலும் ஹனஃபி. கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து மருமகளாக வருகிறவர்கள் ஷாஃபி. ஷாஃபி மத்ஹபில் கணவன் மனைவி தோலோடு தோல் பட்டாலே ஒளு முறியும். பிள்ளையைக் கழுவிவிடும்போது உள்ளங்கை மர்ம உறுப்பில் பட்டாலும் முறியும். ஹனஃபியில் இரண்டும் முறிக்காது. ஆகவே ஷாஃபி தாய்மார்கள் பிள்ளைக்குத் துணி மாற்றிய பிறகு ஒளு செய்யுங்கள், முன்னால் செய்து வீணாக்க வேண்டாம். குளிப்புக் கடமையானவர் விடியுமுன் குளித்துக்கொள்ளலாம் என்று படுத்தாலும், ஒளு செய்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். உமர் (ரலி) கேட்டதற்கு நபியவர்கள் தந்த பதில் அது.

மாதவிடாயில் தஸ்பீஹும் துஆக்களும் (வேண்டுதல்களும்) தாராளமாக ஓதலாம். ஆயத்துல் குர்ஸியையும் இக்லாஸ், ஃபலக், நாஸ் என்ற மூன்று குல் சூராக்களையும் திலாவத் (குர்ஆன் ஓதல்) என்ற நிய்யத் (எண்ணம்) இல்லாமல், திக்ரு (இறைநினைவு), பாதுகாப்பு என்ற நிய்யத்தில் ஓதிக்கொள்ளலாம். "ஏழு நாளும் ஒன்றும் ஓதக் கூடாது" என்று பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். பயந்து எழும் வயதுப் பெண்ணுக்கு அந்த ஏழு ராத்திரியும் கையில் ஒன்றும் இல்லாமல் போகிறது.

இன்னொன்று, தமிழ் எழுத்தில் அச்சிட்ட துஆ அட்டைகள். அரபியில் தொண்டையடிக் காஃப் (ق) வேறு, மெல்லிய காஃப் (ك) வேறு; நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். "குல்" என்பதைத் தொண்டையின் அடியிலிருந்து சொன்னால் "சொல்லுவீராக". மெல்லிய காஃபில் சொன்னால் "தின்னு". ஆயத்துல் குர்ஸியில் "ஸினத்துன்" என்பது சிறுதூக்கம். "ஸனத்துன்" என்றால் வருஷம். சிறுதூக்கமோ உறக்கமோ அவனைப் பிடிக்காது என்பதுதானே, தூங்கப் போகிறவர் இந்த வசனத்தை ஓதுவதற்கே சாரம்! அந்தச் சொல்லே மாறிப்போகிறது. அட்டையை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், உச்சரிப்பை ஓத்துப்பள்ளியில் ஒருவர் வாயிலிருந்து கேட்டுப் பழகுங்கள்.

மாட்டுத்தாவணி, காய்கறி மண்டி:

தூங்கா நகரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு லோடு இறக்குறவனுக்கு என்ன வழின்னு யாரும் எழுதலை, நான் எழுதிர்றேன். பராஃ ஹதீஸ்ல வர்ற வார்த்தை "படுக்கைக்கு வந்தால்". பகல் பதினோரு மணிக்குப் படுத்தாலும் அதை ஓதலாம். பகராவோட கடைசி ரெண்டு வசனம் மட்டும் "இரவில் ஓதினால் போதும்"னு வருது, அதைக் கடையிலேயே சுபுஹுக்கு (விடியல் தொழுகைக்கு) முன்னால ஓதிரணும். சாயங்காலம் படுக்கிறவங்க கவனிக்க வேண்டியது இஷா. இஷாவுக்கு முன்னாடி தூங்குறதையும் இஷாவுக்குப் பின்னாடி வெட்டிப்பேச்சையும் நபியவங்க வெறுத்தாங்கன்னு அபூபர்ஸா (ரலி) சொல்றாங்க. மஃரிபுக்கும் (சூரியன் மறைஞ்சதும் வர்ற தொழுகைக்கும்) இஷாவுக்கும் நடுவுல ஒன்றரை மணிநேரத்துக்கும் கம்மிதான். உட்கார்ந்துட்டே இருங்க, தொழுதுட்டுப் படுங்க. தஹஜ்ஜுதுக்கு (பின்னிரவுத் தொழுகைக்கு) எந்திரிப்போம்ங்கிற உறுதி இல்லைன்னா வித்ரையும் (ராத்திரிக் கடைசித் தொழுகையையும்) முடிச்சிருங்க. கொத்து பரோட்டா தின்ன வயித்தோட படுத்துட்டு சுபுஹுக்கு எந்திரிக்கிறது அவங்கவங்க சாமர்த்தியம்.

சிலைமான் பக்கம், பள்ளிவாசல் முஅத்தின்:

ஓதல் மட்டும் இல்லை, படுக்குமுன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதும் இதில் சேர்ந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கதவை அடை, பாத்திரத்தை மூடு, மூட ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு குச்சியையாவது குறுக்கே வை, விளக்கை அணை என்று ஜாபிர் (ரலி) அறிவிப்பு. எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டைக் கொளுத்திவிடும் என்று காரணமும் உண்டு. நமக்குத் திரி என்பது கொசுவத்திச் சுருள். தொங்கும் போர்வைக்கும் பாய்க்கும் எட்டாத தூரத்தில், ஓட்டின்மேலோ தட்டிலோ வையுங்கள். காகிதத்தின்மேல் வைக்கவே கூடாது. சாம்பிராணிக் கரியைத் தண்ணீர் தெளித்து அணையுங்கள், சாம்பல் மூடியிருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கேஸ் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள்.

சித்திரையில் மொட்டை மாடியில் படுக்கிறவர்களுக்கு: தடுப்புச் சுவர் இல்லாத மாடியில் தூங்குகிறவரைவிட்டுப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்று அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. சுவர் கட்டாத புது வீட்டு மாடியில் ஆயத்துல் குர்ஸி ஓதிவிட்டுப் படுப்பது முறை இல்லை. கீழே இறங்குங்கள்.

மேலூர், இல்லத்தரசி:

கெட்ட கனவு கண்டு பிள்ளை அலறி எந்திரிச்சா?

தெற்குவாசல், ஆலிமா:

இடப்பக்கம் மூன்று தடவை எச்சில் வராமல் "தூ" என்று துப்பச் சொல்லுங்கள். அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம் மூன்று தடவை. பிறகு புரண்டு மறுபக்கம் படுக்க வேண்டும். கனவை யாரிடமும் சொல்லக் கூடாது. நாம்தான் "என்ன கண்டே, என்ன கண்டே" என்று துருவித் துருவிக் கேட்டுப் பயத்தை வளர்க்கிறோம். தாயத்து பற்றிக் கேட்பீர்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) விவரம் தெரிந்த பிள்ளைகளுக்குப் பயம் நீக்கும் துஆவைக் கற்றுக்கொடுத்தார்கள், விவரம் தெரியாத பிள்ளைகளுக்கு எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டார்கள் என்ற அறிவிப்பை வைத்து ஒரு சாரார் கட்டுகிறார்கள், இன்னொரு சாரார் கூடாது என்கிறார்கள். எந்தச் சாராராக இருந்தாலும் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு ஓதல்தான் முதலில்.

மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில் மதம் பாராமல் கைக்குழந்தையோடு நிற்கிற தாய்மார்களுக்கு ஹஸரத் ஓதி ஊதுவதில் ஒன்று, நபியவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் இருவருக்கும் ஓதியது: "உஈதுகுமா பி கலிமாதில்லாஹித் தாம்மா, மின் குல்லி ஷைத்தானின் வ ஹாம்மா, வ மின் குல்லி அய்னின் லாம்மா." வீட்டிலும் ஓதலாம்.

மேலூர், இல்லத்தரசி:

எங்க வீட்டுல பொண்ணு ஒண்ணுதான். அப்படியே ஓதலாமா?

தெற்குவாசல், ஆலிமா:

"உஈதுகுமா" இரண்டு பேருக்கு. ஒரு பையன் என்றால் "உஈதுக்க", ஒரு பெண் என்றால் "உஈதுகி", மூன்றும் அதற்கு மேலும் என்றால் "உஈதுகும்", அவர்கள் எல்லாரும் பெண்கள் என்றால் "உஈதுகுன்ன". மற்றதெல்லாம் மாறாது.