புதுப்பிப்பு: தொலைக்காட்சியில் பார்த்து வாங்கிய 'கல்' தாச்சி

எண்ணெயே வேண்டாம் என்று தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டிய 'கல் பூச்சு'த் தாச்சியை வாங்கலாமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பலர் தடுத்தும் வாங்கினேன். முதல் மாதம் முட்டை உண்மையாகவே வழுக்கிக்கொண்டு தட்டில் விழுந்தது. பிறகு அம்மா வழக்கம்போல் கத்தரிக்காயைப் பொரித்து இரும்புத் தட்டகப்பையால் கிளறியதில், நடுவில் ஒரு நாணயக் குற்றியளவு பூச்சு உரிந்து வெறும் அலுமினியம் தெரிகிறது. 'கல்' என்பது பெரும்பாலும் நிறமும் சிறிது கனிமத்தூளும்தான். வழுக்குவது டெஃப்லான் வகைப் பூச்சு, அது 260 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும் என்பதால், தாச்சியை வெறுமையாகக் காயவைக்கும் எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு ஒத்துவராது. பற்றுச்சீட்டு இல்லை என்று விற்றவர்கள் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் அவர்கள் பற்றுச்சீட்டைத் தந்தே ஆகவேண்டும். கேட்காதது என் பிழை. அம்மா இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய பழைய இரும்புத் தாச்சிக்கே திரும்பிவிட்டார்.