உழவு மண்ணில் கிடைத்ததெல்லாம் காயலான் கடைச் சரக்கா?

உழவுச்சால்:
நேற்று ரோமன் காசு திரியில் அகழி இப்படி எழுதியிருந்தார்: "இங்கிலாந்து வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்து எடுக்கும் சின்ன உலோகச் சாமான்களுக்குச் சூழல் கிடையாது. எல்லாம் உழவு மண்ணில் கலைந்து கிடப்பவை. சூழல் இல்லாத பொருள் காயலான் கடைச் சரக்கு." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அங்கே பதில் போட்டால் காணாமல் போய்விடும் என்பதால் தனித் திரி தொடங்குகிறேன்.

நான் இருப்பது லிங்கன்ஷயர். நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, அறுவடை முடிந்த வயலில் நடக்கிறவன். கிடைத்ததை, கிடைத்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணோடு, தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறவன். எங்கள் பக்கத்திலேயே டார்க்ஸி என்ற ஊர் இருக்கிறது. 872-73 குளிர்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் படை அங்கே தங்கியது என்று ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேட்டில் ஒரு வரி உண்டு. எந்த இடத்தில் பாளையம் இறங்கினார்கள் என்பது சரியாகத் தெரியாமலே இருந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது எது? வெட்டிய வெள்ளித் துண்டுகள், நூற்றுக்கு மேற்பட்ட அரபு திர்ஹம் என்ற வெள்ளிக் காசுகளின் துணுக்குகள், ஈயத்தில் செய்த விளையாட்டுக் காய்கள். அத்தனையும் உழவு மண்ணிலிருந்து டிடெக்டர்காரர்கள் எடுத்தவை. யார்க், ஷெஃபீல்ட் பல்கலைக்கழகக்காரர்கள் இந்தச் சரக்கை வைத்துத்தான் ஆய்வு செய்தார்கள். அதையும் காயலான் கடை என்பாரா அகழி?

அகழி:
தனித் திரியே போட்டுவிட்டீர்களா, நல்லது. இங்கேயும் அதையேதான் சொல்வேன். உழவு மண் என்பது கலப்பை எட்டு, பத்து அங்குல ஆழத்துக்கு ஆண்டுதோறும் புரட்டிப் போட்ட மண். அதில் ரோமானியப் புரூச்சும் (ஆடையில் குத்தும் ஊசி) 14ஆம் நூற்றாண்டுக் கொக்கியும் போன வருஷம் விழுந்த பீர் மூடியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். எது எதோடு சேர்ந்தது, எது முன்னே, எது பின்னே என்று சொல்ல வழியில்லை.

சூழல் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் 2010இல் சாமர்செட்டில் கிடைத்த ஃப்ரோம் குடத்தைப் பாருங்கள். 52,503 ரோமன் காசுகள். கண்டவர் அள்ளிக்கொண்டு ஓடவில்லை. தோண்டுவதை நிறுத்தி, தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். அதனால்தான் மிகப் பிந்திய காசுகள் குடத்தின் மேலே இல்லை, கீழ்ப்பாதியில் இருக்கின்றன என்பது தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்த உண்டியல் அல்ல, ஒரே தடவையில் நிரப்பிய குடம். அள்ளி பக்கெட்டில் போட்டிருந்தால் இந்தச் செய்தி போயே போயிருக்கும். அந்தக் குடம் கலையாமல் இருந்தது. உங்கள் உழவு மண்ணில் அது நடக்குமா?

ஏட்டுச்சுவடி:
இரண்டு பேருக்கும் ஒரு வேண்டுகோள். "சூழல்" என்று இருவரும் சொல்வது ஒன்றே அல்ல. அகழி மண்ணடுக்கைச் சொல்கிறார். உழவுச்சால் நிலப்பரப்பில் பொருள்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்கிறார். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும்.

உழவுச்சால்:
அகழி குடத்தைக் காட்டித் தப்பிக்கிறார். நான் கேட்டது உழவு மண்ணைப் பற்றி. டார்க்ஸிக்கு இன்னும் பதில் வரவில்லை.

சரி, கையில் இருக்கும் ஒரு பொருளைச் சொல்கிறேன். கட்டை விரல் அளவில் ஒரு ஈயக் குப்பி. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் யாத்திரை போனவர்கள் புண்ணியத் தலத்துத் தண்ணீரையோ எண்ணெயையோ அடைத்து வாங்கி வந்தது. ஒரு பக்கம் சிப்பி வரி, கழுத்தில் கயிறு கோக்க இரண்டு பக்கமும் சின்னக் காது. வாயை நெரித்து மூடியிருக்கிறார்கள். ஒரு ஓரம் மட்டும் கிழிந்து மடங்கியிருக்கிறது. பல்லால் கடித்தோ கத்தியாலோ திறந்த தடம். இப்படிப்பட்ட குப்பிகள் இங்கிலாந்து வயல்களில் நூற்றுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. பல குப்பிகளில் இதே சேதம். விளைச்சல் நன்றாக இருக்கட்டும் என்று வயலிலேயே திறந்து தெளித்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். வேண்டுமென்றே வயலுக்குக் கொண்டுவந்து, வயலிலேயே திறந்து, வயலிலேயே விட்டுப் போன பொருள். அதற்கு உழவு மண்தான் சூழல். இதைவிடச் சரியான இடம் எது? மண்ணடுக்கு மண்ணடுக்கு என்று தேய்ந்த ரெக்கார்டு மாதிரி சொன்னால், ஒரு குடியானவன் தன் நிலத்துக்காக வேண்டிக்கொண்டதையே தூக்கிக் குப்பையில் போடுகிறீர்கள்.

அகழி:
அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் அந்தக் குப்பி எப்படி வயலுக்கு வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் வீட்டுக் குப்பை, தொழுவத்துச் சாணம், நகரத்துக் கழிவு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாக அடித்தார்கள். கொக்கி, பொத்தான், உடைந்த ஊசி, தக்கிளிக் குண்டு எல்லாம் எருவோடு வந்தவையே பாதி. குப்பியும் வீட்டில் உடைந்து, குப்பைமேட்டில் விழுந்து, எருவோடு வயலுக்கு வந்திருக்கலாம். இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல என்ன வேண்டும்? மண்ணடுக்கு வேண்டும். உழவு மண்ணில் அது இல்லை. சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறோம்.

இன்னொன்று. உங்கள் கருவிகளை இரும்பு வேண்டாம் என்று செட் பண்ணிவிட்டுத்தானே நடக்கிறீர்கள்? ஆணி, கத்தி, லாடம் ஒன்றும் உங்கள் படத்தில் வராது. பளபளப்பானதை மட்டும் பொறுக்கி எடுத்து வரலாறு என்கிறீர்கள்.

பனிப்புகை:
நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். இதெல்லாம் பணத்துக்காகத்தானே? 2010இல் கம்பிரியாவில் கிராஸ்பி காரெட் என்ற இடத்தில் ரோமன் குதிரைப்படை முகமூடித் தலைக்கவசம் துண்டு துண்டாகக் கிடைத்தது. வெண்கலம், தனிப் பொருள். அதனால் அன்றைய சட்டப்படி அது "புதையல்" இல்லை. ஏலத்துக்குப் போவதற்காக ஒட்டிச் சீராக்கிவிட்டார்கள், அதற்கு முன் முறையாக ஆராய வழியில்லாமல் போயிற்று. கிறிஸ்டிஸ் ஏலத்தில் இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. கார்லைல் அருங்காட்சியகம் முயன்றும் வாங்க முடியவில்லை. இதுதான் உங்கள் தேச சேவையா?

உழவுச்சால்:
பனிப்புகை, அந்தக் கவசம் கிடைத்தது மேய்ச்சல் நிலத்தில். உழவு மண் அல்ல. திரியின் தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள். பணம், பணம் என்கிறீர்கள். எங்களைப் போன்றவர்கள் பதிவுக்குக் கொடுக்கும் தேய்ந்த ரோமன் செப்புக் காசை விற்றால் ஒரு காபி குடிக்கலாம். 1997இல் தொடங்கிய அந்தப் பதிவுத் திட்டத்தில் இன்று 15 லட்சத்துக்கு மேல் பொருள்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை டிடெக்டர்காரர்கள் கொடுத்தவை. புதையல் அல்லாததைக் காட்டியே ஆக வேண்டும் என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. கொடுப்பவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்கள்.

அகழிக்கு: இரும்பு பற்றிச் சொன்னீர்கள். டார்க்ஸிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

கரூரான்:
உள்ளே வரலாமா? இங்கிலாந்து எனக்குத் தெரியாது. எங்கள் கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துத்தான் ரோமன் செப்புக் காசுகளும், மோதிரங்களும், சேரர் காசுகளும் கிடைத்தன. மாக்கோதை என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசு எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடைத்தது? ஆறு அடித்துக்கொண்டு வந்த மணல், உழவு மண்ணைவிட மோசம். அதற்காக அது காயலான் கடைச் சரக்கா? சேரர்கள் பெயர் பொறித்துக் காசு அடித்தார்கள் என்பதற்கே அந்தக் காசுதானே சாட்சி.

அகழி:
கரூரான், காசு தன்னைப் பற்றித் தானே பேசும், பெயர் பொறித்திருக்கிறதே. பெயரில்லாத கொக்கி பேசுமா? அமராவதிக் காசுகளில் எத்தனை வியாபாரிகள் கைக்குப் போய்ச் சிதறின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எது எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்திருந்தால் இன்று எவ்வளவு தெரிந்திருக்கும்! நீங்கள் எனக்கு எதிராகப் பேசுவதாக நினைத்து என் கட்சியைத்தான் பேசுகிறீர்கள்.

கரூரான்:
உங்கள் கட்சி எனக்கு வேண்டாம். ஆற்றில் கிடைத்தது வரலாறு இல்லை என்று எங்கள் ஊரில் வந்து சொல்லிப் பாருங்கள்.

உழவுச்சால்:
பார்த்தீர்களா, எதிராக யார் பேசினாலும் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது அகழியின் பழைய பழக்கம். போன வருஷம் நான் 1ஆம் நூற்றாண்டு கால்செஸ்டர் புரூச் ஒன்றின் படம் போட்டேன். ஊசி உடைந்து, சுருள் மட்டும் பச்சை பூத்து ஒட்டிக்கொண்டிருந்தது. பதிவு எண்ணோடு போட்டேன். அதற்குக் கீழே "திருட்டுக்கு ரசீது" என்று எழுதியவர் இவர். நான் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தப் புரூச்சை நான் எடுக்காமல் விட்டிருந்தால் அடுத்த உழவில் கலப்பை அதை இரண்டாக்கியிருக்கும். மிச்சத்தை ரசாயன உரம் தின்றிருக்கும். உழவு மண்ணில் இருப்பதை அங்கேயே விட்டுவிடு என்பது, அது அழியட்டும் என்று சொல்வது.

அகழி:
உரத்தின் மேல் மொத்தப் பழியையும் போடாதீர்கள். செம்புக் கலவை அரிக்கிறதா இல்லையா என்பது மண்ணின் புளிப்பு, ஈரம், வடிகால் எல்லாவற்றையும் பொறுத்தது. இரண்டாயிரம் வருஷம் தாக்குப்பிடித்த புரூச் நீங்கள் வரும்வரை காத்திருந்தது, நீங்கள் வராவிட்டால் மறுநாளே கரைந்திருக்குமா? கலப்பை உடைக்கும், அது உண்மை. அதற்காகத் தோண்டுகிறவர் எல்லாம் காப்பாளர் ஆகிவிட முடியாது. ரசீது என்று எழுதியதை இன்றும் எழுதுவேன்.

பனிப்புகை:
லெம்ஸ்டர் பக்கத்தில் 2015இல் நடந்ததை யாரும் பேசவில்லையே? வைக்கிங் காலப் புதையலைத் தோண்டி, 14 நாளுக்குள் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல், மறைத்து விற்றார்கள். வெசெக்ஸ் நாட்டு மன்னர் ஆல்ஃபிரடையும் பக்கத்து மெர்சியா நாட்டு மன்னர் கியோல்வுல்ஃபையும் காட்டும் காசுகள் அதில் இருந்தன. ஆங்கில வரலாற்றையே திருத்தி எழுத வைக்கும் காசு. 300 காசு இருந்திருக்கும் என்கிறார்கள், மீட்டது கொஞ்சம். 2019இல் சிறைக்குப் போனார்கள்.

உழவுச்சால்:
போனார்கள், போக வேண்டியவர்கள்தான். இரவில் திருட்டுத்தனமாக வருகிறவனால் எங்களுக்கும் நஷ்டம், நிலத்துக்காரர் கேட்டைச் சாத்திவிடுவார். அவனையும் என்னையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

சஃபோக்கில் ரெண்டில்ஷம் கதை தெரியுமா? வயலில் இரவுத் திருடர்கள் வருகிறார்கள் என்று நிலத்துக்காரர் புகார் சொன்னார். கவுண்டி தொல்லியல் துறை என்ன செய்தது? அனுபவமுள்ள டிடெக்டர்காரர்களைக் கூட்டிக்கொண்டு 2008 முதல் வருஷக்கணக்காக முறையாக நடந்தது. ஒவ்வொரு துணுக்குக்கும் இடம் குறித்தது. ஆயிரக்கணக்கான சின்ன உலோகப் பொருள்கள், உழவு மண்ணிலிருந்து. அவை எங்கே குவிகின்றன என்று வரைபடத்தில் பார்த்து, அதன்பின் தோண்டி, பீட் என்ற துறவி 8ஆம் நூற்றாண்டில் குறிப்பிட்ட அரச இருப்பிடம் இதுதான் என்று கண்டார்கள். சட்டன் ஹூ கப்பல் கல்லறைக்குச் சில மைல் தொலைவுதான். உங்கள் மண்ணடுக்குக் குழியை எங்கே வெட்டுவது என்று வழி காட்டியது உழவு மண். உழவு மண். மறுபடியும் சொல்கிறேன், உழவு மண்.

அகழி:
முறையாக நடந்தார்கள், குறித்தார்கள், அப்புறம் தோண்டினார்கள். மூன்றையும் நீங்களே எழுதிவிட்டு எனக்குச் சவால் விடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தனியாக ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடப்பதும் அதுவும் ஒன்றா? ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையலை எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் கிடைத்தது, உங்கள் பிரியமான உழவு மண்ணில். பெட்டியில் வைத்துப் புதைத்தார்களா, துணியில் கட்டினார்களா, ஏன் புதைத்தார்கள், தெரியாது. சுற்றித் தோண்டியும் குழியின் தடம்கூட இல்லை. கலப்பை தின்றுவிட்டது.

உழவுச்சால்:
டிடெக்டர் இல்லாவிட்டால் அந்தப் புதையலே இல்லை! நாலாயிரத்துக்கு மேற்பட்ட துணுக்குகள், வாள் பிடிகளில் பதித்த தங்கமும் கார்னெட் என்ற சிவப்புக் கல்லும். பெட்டி எது என்று தெரியாததால் வாள் பிடி குப்பையாகிவிடுமா?

ஏட்டுச்சுவடி:
இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். சூழல் என்றால்...

அகழி:
ஏட்டுச்சுவடி, கொஞ்சம் பொறுங்கள். உழவுச்சால், கடித்துத் திறந்த அந்தக் குப்பியின் ஜிபிஎஸ் எண்ணையும், அதே வயலில் எருவோடு வந்து கிடக்கும் பானை ஓடுகளின் பட்டியலையும் போடுங்கள். ஓடு பொறுக்கியிருந்தால்தானே போடுவீர்கள்!

உழவுச்சால்:
கிடைத்த இடத்தைப் பொது இடத்தில் போட்டால் இரவுத் திருடர்கள் வருவார்கள். பதிவுத் திட்டமே துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டுவதில்லை. இதுகூடத் தெரியாமல் பாடம் எடுக்க வந்துவிட்டீர்கள். முதலில் டார்க்ஸிக்குப் பதில் சொல்லுங்கள்.