எலிகளுக்கு எலும்புப் புற்றுநோய் வந்த ஊசியை அம்மாவுக்குப் போடலாமா?

பொருநைமகள்:
அம்மாவுக்கு 71 வயது. தண்ணீர் வாளியைத் தூக்கும்போது முதுகில் சுளுக்கு என்றுதான் நினைத்தோம், எக்ஸ்ரே எடுத்தால் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கிறது. டெக்ஸா ஸ்கேனிலும் எலும்பு அடர்த்தி ரொம்பக் குறைவு. டாக்டர் டெரிபாரடைட் ஊசி எழுதியிருக்கிறார், தினமும் ஒன்று, தோலுக்கடியில். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோனில் ஒரு துண்டாம். இணையத்தில் தேடினால் எலிகளுக்கு இதைக் கொடுத்து எலும்புப் புற்றுநோய் வந்தது என்று முதல் பக்கத்திலேயே வருகிறது. இன்னொரு சந்தேகம், அந்த ஹார்மோன் அதிகமானால் எலும்பு கரையும் என்றுதானே படித்தோம்? பயமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மருந்தியல்_மாணவன்:
அக்கா, இரண்டாவது சந்தேகத்துக்கு முதலில் பதில். ரத்தத்தில் அந்த ஹார்மோன் நாள் முழுக்க உயர்ந்தே இருந்தால் எலும்பு கரையும், நீங்கள் படித்தது சரி. ஆனால் நாளைக்கு ஒருமுறை சட்டென்று ஏறி சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால், எலும்பைக் கட்டும் செல்கள்தான் அதிகம் வேலை செய்கின்றன. தோலுக்கடியில் தினம் ஒரு ஊசி என்பது அதற்காகத்தான். 1929-லேயே அமெரிக்காவில் பாவர், ஆப், ஆல்பிரைட் ஆகியோர் பாராதைராய்டுச் சாற்றைக் கொடுத்த எலிகளில் எலும்பின் உட்பகுதி அடர்ந்ததைப் பார்த்துவிட்டார்கள், அது மருந்தாக மாற எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது. மாதவிடாய் நின்ற பெண்களின் நிலையை ஒத்திருக்க எலிகளின் சினைப்பையை அகற்றிவிட்டுச் சோதிப்பார்கள், அந்த எலிகளிலும் இழந்த எலும்பு திரும்ப வளர்ந்தது.

மூட்டுவலி_அனுபவசாலி:
புற்றுநோய் விஷயத்தை நான் சொல்கிறேன், என் மாமியாருக்குப் போடும்போது இதே பயத்தில் நிறையப் படித்தேன். ஃபிஷர் 344 வகை எலிகளுக்கு இரண்டு மாத வயதிலிருந்து இரண்டு வருஷம், அதாவது கிட்டத்தட்ட ஆயுள் முழுக்கக் கொடுத்தார்கள். உடலில் சேர்ந்த மருந்தின் அளவு மனிதர்களுக்குச் சேர்வதைப்போல் 3 முதல் 60 மடங்கு. எலிக்கு எலும்பு வளர்வது நம்மைப்போல் வாலிபத்தோடு நின்றுவிடுவதில்லை, அதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு ஆறு மாதம் ஆன, வளர்ந்த எலிகளுக்குக் குறைந்த அளவில் கொடுத்தபோது கட்டி வரவில்லை. சினைப்பை அகற்றிய பெண் குரங்குகளுக்கு 18 மாதம் கொடுத்து, அப்புறம் மூன்று வருஷம் கவனித்தபோதும் வரவில்லை.

கேள்வி_கேட்பவன்:
மேலே சொன்னது சரி, ஆனாலும் எலி ஆய்வை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். அந்த முடிவு வந்ததும் 1998-ல் பெண்களிடம் நடந்துகொண்டிருந்த சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள். 2002-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோதும் மருந்தின் விவரத்தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட்டுத்தான் கொடுத்தது, மனிதர்களைப் பல வருஷம் கண்காணித்த பிறகு 2020-ல்தான் அந்தக் கட்டத்தை நீக்கினார்கள். என் பார்வையில் இப்படித்தான் நடக்க வேண்டும். அந்த நிறுத்தப்பட்ட சோதனையிலேயே, 20 மைக்ரோகிராம் போட்டவர்களுக்குப் புதிய முள்ளெலும்பு முறிவு 65% குறைந்திருந்தது.

பொருநைமகள்:
ரொம்ப நன்றி. நாளைக்கு டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

மூட்டுவலி_அனுபவசாலி:
அம்மாவுக்கு எப்போதாவது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, பேஜெட் என்ற எலும்பு நோய் இருந்தாலோ, ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருந்தாலோ, சிறுநீரகக் கல் இருந்தாலோ அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். வைட்டமின் டி பார்த்தாரா என்று கேளுங்கள். முதல் சில ஊசிகளுக்குத் தலைசுற்றல் வரலாம், உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், விழுந்தால் இன்னொரு எலும்பு போய்விடும். மருந்து அடைத்த ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக்கூடாது. முக்கியமாக, ஊசி முடிந்ததும் அடுத்து என்ன மருந்து என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் சேர்ந்த எலும்பு மறுபடி குறையும், அதைத் தக்கவைக்க வேறு மருந்து கொடுப்பார்கள்.