பெற்ற தாய்தான் எப்போதும் வில்லியா?

கிளிநொச்சி வாசகி:
தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட, தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்கத் திகில் படத்தை அண்மையில் வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். பிள்ளையில்லாத தம்பதியர் ஒரு கைக்குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். சில நாட்களில் வீட்டுக்கு எதிரே ஒரு கார் வந்து நிற்கத் தொடங்குகிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அன்பான பெண்தான் அதைப் பெற்றவள் என்பதை, முதல் விளம்பரம் வருவதற்கு முன்பே அம்மம்மா சொல்லிவிட்டார். உண்மையைக் கண்டறிந்த தோழி, "நேரில் வந்து சொல்கிறேன்" என்று புறப்பட்டபோது, அவள் உயிரோடு வந்து சேரமாட்டாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்படியான படங்கள் ஏன் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன?

மாங்குளத்தான்:
தங்கச்சி, குற்றம் கதை எழுதியவருடையது மட்டுமன்று. இரண்டு மணி நேர ஒளிபரப்பில் படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 85 முதல் 90 நிமிடங்கள், மீதி விளம்பரத்துக்குரியது. ஆகவே கதையை ஏழெட்டுத் துண்டுகளாக வெட்டி, பார்ப்பவர் அலைவரிசையை மாற்றிவிடாதபடி ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஓர் அதிர்ச்சியை வைக்கிறார்கள். நடிகர்களும் குறைவு, நாலு பேருக்குள் ஒருத்தியைச் சந்தேகிக்க அம்மம்மாவுக்கு என்ன கஷ்டம்? எனக்கு இதில் மனக்குறை இல்லை. கோவலன் வெட்டுப்படுவான் என்று தெரிந்துகொண்டே கோவலன் கூத்தை விடியும்வரை இருந்து பார்க்கிறவர்கள்தானே நாங்கள்.

முள்ளியவளை ஆசிரியை:
அந்த ஒப்பீடு பொருந்தாது, அண்ணா. கூத்தில் முடிவு தெரிந்திருந்தாலும், நீதி கேட்கிற கண்ணகியின் பக்கம்தான் நாம் நிற்கிறோம். இந்தப் படங்களிலோ பெற்றவளின் ஏக்கமே நோயாகவும் குற்றமாகவும் காட்டப்படுகிறது. பிள்ளையின் படத்தை அவள் தனியே இருந்து பார்த்தாலே திகில் இசை எழுந்துவிடுகிறது. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தைக் கண்ட நமக்கு, பிள்ளையின் படத்தோடு இருக்கும் தாயைக் கண்டு அஞ்சத் தோன்றுமா?

வவுனியா வாசகர்:
ஆசிரியை சொல்வதே சரி. ஆனால் அந்த வில்லி பிறப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தத்தெடுப்புக்குப் பின்னர் முதற் பிறப்புச் சான்றிதழை முத்திரையிட்டு மூடிவிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது; பெற்றவள் முகமற்றவளாகிவிடுவதால், அவள் வேறு பெயரில் வீட்டுக்குள் நுழையும் கதை அங்கே எடுபடுகிறது. இலங்கையில் 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி மகவேற்புக்கு, அதாவது தத்தெடுப்புக்கு, நீதிமன்றக் கட்டளை வேண்டும். 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் கேட்கப்படும். நடைமுறையிலோ, வன்னியில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் பலரை அம்மம்மாவோ பெரியம்மாவோ எந்தக் காகிதமும் இல்லாமல் வளர்த்துவிட்டார்கள்; யார் யாருடைய பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். ஒழுங்கையில் புதுமுகம் ஒன்று நின்றால், "ஆற்றை ஆள் நீர்?" (யாருடைய ஆள் நீர்?) என்ற கேள்வியோடு கதை முதல் துண்டிலேயே முடிந்துவிடும்.

கிளிநொச்சி வாசகி:
நன்றி. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர் பல வேளைகளில் முன்னாள் கணவரோ காதலரோதான் என்பதையும் இப்படங்கள் மறந்துவிடுகின்றன. கதை நடப்பதாகக் காட்டப்படும் கலிபோர்னியாவில் 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது தனிக் குற்றம். அப்படியிருந்தும் வளர்ப்புத் தாய் முறைப்பாடு கொடுக்கப் போனபோது, "காரை நிறுத்துவது குற்றமில்லையே, அம்மா" என்று பொலிஸார் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். படம் முழுவதிலும் அந்த ஓர் இடம்தான் எனக்கு நம்பும்படியாக இருந்தது.