மறு: மறு: பெயரில்லாத வெற்று சிடி, டிவிடி – கலைச்சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பாதி மடல்கள் வட்டா தகடா என்பதிலேயே போய்விட்டன. கேட்ட கேள்வி அது இல்லை. மேலே எந்தக் கம்பெனிப் பெயரும் அச்சிடாமல் வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ விற்கும் வெற்று சிடி, டிவிடிக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி.

> ‘வணிகப்பெயரற்ற பதிவுசெய்யத்தகு வெற்று வட்டு’ என்று போடலாம். சுருக்கமாக வேண்டுமென்றால் ‘பெயரிலி வட்டு’.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை ஐயா. முதலாவது சொல் அல்ல, விளக்கம். சென்னை ரிச்சி தெருவில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் பக்கத்துக் கடையைக் கை காட்டிவிடுவார். இரண்டாவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருள் தவறு. பெயரில்லாத தகடு என்று ஒன்று கிடையாது. மேலே இல்லையே தவிர, உள்ளே இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் சொல் சரியாக அமையும்.

எழுதக்கூடிய சிடி என்பது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட். நிக்கல் அச்சில் உருக்கி அழுத்தும்போதே அதில் சுருள் தடம் ஒன்று விழுகிறது. அதன் மேல் சாயம், அதன் மேல் வெள்ளிப் பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு. அந்தச் சுருள் தடம் நேராக ஓடாது, மெல்ல நெளிந்து ஓடும். 22.05 கிலோஹெர்ட்ஸ் நெளிவு. எழுதும் கருவி தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை இந்த நெளிவிலிருந்துதான் அறிகிறது. அதே நெளிவில், தொடக்கப் பகுதியில், ஒரு நேரக் குறிப்பும் இருக்கிறது. நிமிடம், நொடி, சட்டகம் என்று மூன்று எண். இந்த எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனித்தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். 97:24:01 என்று வந்தால் ஜப்பானின் தையோ யூதென். 97:26:66 தைவானின் சிஎம்சி மேக்னெடிக்ஸ். 97:15:17 அதே தைவானின் ரைடெக். 97:17:06 நம் நாட்டு மோசர் பேயர். டிவிடியில் எண்ணுக்குப் பதில் எழுத்தாகவே இருக்கும்: டிஒய்ஜி03, எம்சிசி 004, ரைடெக்எஃப்1 என்கிற மாதிரி.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் வெற்று சிடியைப் போட்டு, சிடிரெக்கார்ட் அல்லது வோடிம் கட்டளையோடு ‘ஏடிஐபி’ என்ற விருப்பைக் கொடுத்துப் பாருங்கள், எண் வந்துவிடும். விண்டோசில் டிவிடி ஐடென்டிஃபையர் என்று ஒரு சின்ன நிரல் உண்டு. மேலே மொழுமொழுவென்று வெள்ளையாக இருக்கிற தகடு தன் பூர்வீகத்தை அங்கே சொல்லிவிடும்.

அதனால்தான் ‘பெயரிலி’ வேண்டாம் என்கிறேன். வலைப்பூப் பின்னூட்டங்களில் யாரென்று தெரியாதவரைக் குறிக்க அந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்தும் விட்டது.

> எதற்கு இவ்வளவு? போலி சிடி என்றே சொல்லிவிடலாம். கடைத்தெருவில் டூப்ளிகேட் என்றுதானே சொல்கிறார்கள்.

இதை மட்டும் செய்யவே கூடாது. போலி என்பது தனதில்லாத பெயரைச் சூட்டிக்கொள்வது. நாம் பேசும் தகடு எந்தப் பெயரையும் சூட்டிக்கொள்ளவில்லை. ஒரே ஆலையில் ஒரே வரிசையில் வந்த தகடுகளில் ஒரு பகுதி பெயர் அச்சடித்துப் பெட்டிக்குள் போகும், இன்னொரு பகுதி நூறு நூறாகக் கட்டி வெள்ளையாகவே போகும். மேலே தாங்களே படம் அச்சிட்டுக்கொள்கிற ஸ்டுடியோக்காரர்களுக்கு வெள்ளைதான் வேண்டும். தையோ யூதென் தகடுகளைத் தேடித் தேடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வாங்கியது இந்த வெள்ளைச் சரக்கைத்தான். உண்மையான போலி வேறு. தையோ யூதென் பெயர் சம்பாதித்த பிறகு, அவர்களுடைய குறியையே உள்ளே பதித்து வேறு யாரோ செய்த தகடுகள் சந்தைக்கு வந்தன. அவற்றைப் போலி என்று சொல்லுங்கள், மனமார ஒப்புக்கொள்கிறேன்.

சரி, என் பரிந்துரை: மொட்டைத் தகடு.

சிரிக்க வேண்டாம். மொட்டைக் கடுதாசி என்கிறோம். எழுதியவர் இல்லாத கடுதாசியா அது? எழுதியவர் இருக்கிறார், கையொப்பம்தான் இல்லை. கையொப்பம் இல்லாவிட்டாலும் கையெழுத்து இருக்கிறது, தெரிந்தவர் பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். இந்தத் தகடும் அப்படித்தான். மேலே கையொப்பம் இல்லை, உள்ளே கையெழுத்து இருக்கிறது.

> மொட்டை என்பது கொச்சை. பாடநூலில் வைக்க முடியாது.

மதுரை மீனாட்சியம்மன் கோயில் வடக்குக் கோபுரத்தை மொட்டைக் கோபுரம் என்று எத்தனை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்! மொட்டை மாடியில் வடகம் காயப் போடாத வீடு உண்டா? தலையில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான சொல் நம்மிடம் இல்லை. கடையில் சொன்னாலும் புரியும். பாடநூல் குழுவுக்கு ‘முகப்பிலித் தகடு’ என்று ஒன்றை வேண்டுமானால் எழுதிக் கொடுக்கலாம். நான் அதைப் பயன்படுத்தப் போவதில்லை.

‘வெற்று’ என்பதையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெற்றுத் தகடு என்றால் உள்ளே தரவு எழுதாதது. எழுதிய மறுநொடி அது வெற்று அல்ல, ஆனால் மொட்டையாகவே இருக்கும். இரண்டும் இரண்டு குணம். ஈழத்து நண்பர்கள் இறுவட்டு என்பார்கள், அங்கே ‘மொட்டை இறுவட்டு’ என்று வைத்துக்கொள்ளட்டும். மொட்டைக் கடிதம் அங்கும் உண்டு என்பதால் பொருள் கெடாது என்றே நினைக்கிறேன். அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இனி, இந்த இழையில் யாரும் கேட்காத சொல். நம்பி வாங்க வேண்டுமென்றால் மொட்டை என்ற சொல்லை விட, உள்ளே இருக்கும் அந்தக் குறிக்குத்தான் சொல் அவசரமாக வேண்டும். ‘ஆக்குநர் குறி’, ‘தயாரிப்பாளர் குறியீடு’ என்று எழுதத் தோன்றும். எழுதினால் வாங்குகிறவரை ஏமாற்றுகிறோம். அந்தக் குறி எந்த அச்சிலிருந்து தகடு வந்தது என்பதைத்தான் சொல்கிறது. யார் ஆலையில், எவ்வளவு கவனமாகச் செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. வெர்பேட்டிம் என்ற பெயரில் விற்ற டிவிடிகளில் மிட்சுபிஷி கெமிக்கலின் எம்சிசி குறி இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்றிருக்கும். செய்தது மோசர் பேயர். அப்புறம், தையோ யூதென் 2015ஆம் ஆண்டோடு இந்தத் தொழிலை விட்டு வெளியேறிவிட்டது. ஆனால் டிஒய்ஜி03 குறியுள்ள தகடு அதற்குப் பிறகும் வருகிறது, தைவானின் சிஎம்சி செய்கிறது. வெர்பேட்டிம் வணிகத்தையும் 2019இல் அதே சிஎம்சி வாங்கிக்கொண்டது. ஆகக் குறியில் ஒரு பெயர், ஆலை வேறு, அட்டையில் மூன்றாவது பெயர்.

‘அச்சுக்குறி’ என்று வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் அச்சு என்றதும் அச்சகம் நினைவுக்கு வரும், மேலே அச்சிட்டிருக்கும் பெயரைத்தான் சொல்கிறோம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். அது நேர் எதிர்ப் பொருள். ‘தடக்குறி’ என்றால் பாட்டு சிடியின் தடம் ஒன்று, தடம் இரண்டு என்பதோடு மோதும். மீதி இருப்பது வார்ப்புக்குறி. வார்க்கும்போதே விழுந்தது, பிறகு யாரும் மாற்ற முடியாது, ஆனால் வார்த்தவர் இன்னார் என்று உறுதி கூறாது. கோவைப் பக்கம் வார்ப்படம், வார்ப்பாலை என்றெல்லாம் அன்றாடம் புழங்குவதால் சொல்லும் புதிதில்லை.

> இந்தக் காலத்தில் யார் ஐயா சிடி வாங்குகிறார்கள்? செத்த பொருளுக்குக் கலைச்சொல்லா?

ஸ்கேன் எடுக்கப் போனவர் பலர் கையில் படத்தோடு ஒரு தகடும் இருக்கும். நீதிமன்றத்தில் சான்றாகக் கொடுக்கும் ஒலிப்பதிவும் காணொளியும் இன்றும் தகட்டில் போகின்றன. இருபது ஆண்டுக்கு முன் எழுதி வைத்த கல்யாண சிடிகளை இப்போது எடுத்துப் பார்ப்பவர்களுக்கு, எது பிழைக்கும் எது பிழைக்காது என்று அறிய வார்ப்புக்குறி வேண்டும். போதுமா?

இழையைத் தொடங்கிய தம்பி கலைச்சொல்லோடு சேர்த்து, நம்பி வாங்குவது எப்படி என்றும் கேட்டிருந்தார். சொல் பட்டியலில் பயன்பாட்டு வாக்கியம் வேண்டுமே, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மொட்டைத் தகடு வாங்கும்போது முதலில் நடுத்துளையைச் சுற்றியிருக்கும் கண்ணாடி வளையத்தைப் பாருங்கள். அங்கே பொடியாக எண்ணும் எழுத்தும் இருக்கும். ஒரு கேக் பாக்ஸில் (தகடுகளை அடுக்கி விற்கும் வட்டப் பெட்டி) ஐம்பது தகடு என்றால், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்து அந்த எழுத்துகளின் அமைப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்துக் கடையில் எனக்குக் கொடுத்த கட்டுக்குள் மேலே இருந்த தகடுகள் டியூப்லைட் வெளிச்சத்தில் ஆழ்ந்த நீலமாக இருந்தன, பாதிக்குக் கீழே வெளிர் பச்சை. நீலம் அசோ சாயம். வெளிர் பச்சை பெரும்பாலும் தாலோசயனின். இரண்டுமே கெட்ட சாயம் இல்லை, தாலோசயனின் நீண்ட நாள் நிற்கும் என்று பெயர் எடுத்ததும்கூட. ஆனால் ஒரே கட்டுக்குள் இரண்டு சாயம் இருந்தால் அது ஆலையில் கட்டிய கட்டு இல்லை, யாரோ மிச்சம் மீதியைக் கோத்தது. “எல்லாம் ஒண்ணுதான் சார், கம்ப்யூட்டருக்குக் கலர் தெரியுமா?” என்றார் கடைக்காரர். பதில் சொல்லாமல் வைத்துவிட்டு வந்தேன்.

வெளி விளிம்பையும் பாருங்கள். சாயம் விளிம்பு வரை ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். திட்டுத் திட்டாக, அலை அலையாக இருந்தால் கழித்துக் கட்டிய சரக்கு. அடுத்து, கடையிலேயே ஒன்றைப் பிரித்துக் கணினியில் போட்டு வார்ப்புக்குறியைப் பாருங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். குறி நல்லதாக இருந்தாலும் மேலே சொன்ன காரணத்தால் அதோடு நிறுத்தக் கூடாது. ஒரு கட்டு மட்டும் வாங்கி, வீட்டில் ஒன்றை விளிம்பு வரை முழுதாக எழுதிப் பிழை எண்ணிக்கை பாருங்கள். லைட்ஆன் நிறுவனத்தின் டிரைவ்கள் இதற்குப் பேர் போனவை, நீரோவின் சிடி-டிவிடி ஸ்பீடு நிரல் வரைபடமே போட்டுக் காட்டும். சிடியில் நொடிக்குச் சராசரி 220 பிழைத் தொகுதிக்கு மேல் போகக் கூடாது, டிவிடியில் அடுத்தடுத்த எட்டுத் தொகுதிக்கு உள்பிழை (முதல்கட்டத் திருத்தத்தில் பிடிபடும் பிழை) 280 தாண்டக் கூடாது என்பது தரக்கட்டுப்பாட்டு எல்லை. நல்ல தகடு இந்த எல்லையின் பக்கமே வராது. மட்டமான தகட்டில் வரைபடம் உள்வட்டத்தில் அமைதியாக இருந்து, வெளிவட்டத்தில் நெட்டுக்குத்தாக ஏறும்.

மெதுவாக எழுதினால் நன்றாக எழுதும் என்று ஒருவர் சொன்னார். 16 மடங்கு வேகத்துக்குச் செய்த டிவிடியை 4 மடங்கில் எழுதினால் சில நேரம் பிழை கூடத்தான் செய்யும், சாயத்தை அந்த வேகத்துக்குத்தான் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். 8 அல்லது 12 நடுத்தரம். சிடியின் மேல்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். தரவு இருப்பது மேலே உள்ள அரக்குப் பூச்சுக்கு அடியில், மயிரிழை ஆழத்தில். டிவிடி பரவாயில்லை, 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது, தரவு நடுவில் இருக்கிறது.

மோசர் பேயரை இப்போது கடையில் கேட்டு அலையாதீர்கள். 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியுமாகத் தமிழ்ப் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த நிறுவனம் 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. கிடைத்தால் பழைய இருப்பு. எத்தனை கோடைகளை எந்தக் கிடங்கில் கழித்ததோ.

சொல் பட்டியலுக்கு என் முன்மொழிவு இவ்வளவுதான். மொட்டைத் தகடு: மேல்முகத்தில் வணிகப் பெயர் அச்சிடாமல் விற்கப்படும், எழுதக்கூடிய தகடு. வார்ப்புக்குறி: தகட்டை வார்க்கும்போதே அதன் தடத்தில் பதிந்துவிடும், அச்சின் மூலத்தைக் காட்டும் குறி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், மாற்றுச் சொல்லோடு சொல்லுங்கள். தகட்டில் எழுதுவதை ‘எரித்தல்’ என்பதா ‘பதித்தல்’ என்பதா என்ற சண்டையை மட்டும் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம். இதில் கலந்தால் இரண்டும் முடியாது.

அன்புடன்